தலைமாட்டுச் சந்தனம்

ஜும்ஆத் தொழுகைக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

கரீம் பாட்சா குளித்துவிட்டார். தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். கத்தியை மட்டும் கீழே வைக்கவில்லை. பைக்கு வெட்டியது போக மிஞ்சிய கறுப்புத் தோலில் ஒரு சின்னச் சன்னல் வெட்டிக்கொண்டிருந்தார். நெகடிவில் ஒரே ஒரு படம் தெரிகிற அளவுச் சன்னல்.

“ஓட்டை வழியா வெளிச்சம் ஒழுகுதுன்னியே. இதைப் போட்டா ஒழுகாது,” என்றார்.

“பிலிம் ஓரத்துல வரிசையா ஓட்டை இருக்குல்லா வாப்பா, அது வழியா வந்தாலும் வரும்னேன். அதுதான்னு சொல்லல.” ஃபர்ஸானா மேசைக்குப் பின்னாலிருந்து கை நீட்டினாள்.

“வந்தாலும் வரும்னா அடைச்சிர வேண்டியதுதான்.”

தோலின் ஓரத்தை நகம் போல மெல்லிசாகச் சீவியிருந்தார். மூடி இறங்கும்போது தடுக்கக் கூடாது என்பதற்காக. முப்பது வருஷத்துக்கு மேல் தாராவியில் பை தைக்கிற கை. ஓரம் என்றால் சீவித்தான் தரும்.

கடை ஒரே அறை. பின்பாதியில் வாப்பாவின் தோல், பசை, இரண்டு தையல் மிஷின்கள். முன்பாதி ஃபர்ஸானாவுடையது. ஆதார் நகல், பாஸ்போர்ட் படம், லேமினேஷன். போன வருஷம் வாங்கிய ஸ்கேனர் பழைய நெகடிவுகளுக்கானது. அதன் மூடியிலும் ஒரு விளக்கு உண்டு. பிலிமை அது மேலேயிருந்து ஊடுருவும். கீழே கண்ணாடிக்கடியில் கண் நகர்ந்துகொண்டே பார்க்கும்.

ஃபர்ஸானா மூடியைத் தூக்கினாள். கண்ணாடியின் தலைமாட்டில், ஓரத்தை ஒட்டி, மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம். ஆயுத பூசை அன்று, ஃபர்ஸானா பெரியம்மா என்று அழைக்கும் சண்முகவடிவு வைத்தது. தையல் மிஷின்களிலும் அதே விரல்கள்தான். பிலிமை வைக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் தலைப்பில் நீளமாக ஓர் இடைவெளி உண்டு. சந்தனம் அதற்குள் சரியாக அடங்கியது. அதற்கென்றே விட்ட இடம் போல.

நெகடிவைச் சட்டத்தில் செருகி, வாப்பாவின் தோலை அதன்மேல் படிய வைத்து, மூடியை இறக்கினாள். குழல் விளக்கை அணைத்தாள். மூடியின் மேல் கறுப்புத் துப்பட்டாவைப் போர்த்தினாள்.

“ஜனாஸாப் பெட்டியப் போத்துன மாதிரி இருக்கு,” என்றார் கரீம் பாட்சா.

“சும்மா இருங்க வாப்பா.”

உள்ளே வெளிச்சக்கீற்று கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்தது. திரையில் படம் இடமிருந்து வலமாக வந்தது. நெகடிவ் என்பதால் எல்லாம் தலைகீழ் நிறம். வாசல் வெளுப்பாக, சட்டை இருட்டாக. முகத்தின் மேல், சரியாகக் கண் இருக்கும் இடத்தில், வெள்ளை வெளிச்சம் ஒரு பட்டையாக ஓடியது.

அவள் நிறத்தைத் திருப்பினாள். வெளிச்சம் கறுப்பாயிற்று. பச்சைக் குழந்தையைக் கையில் ஏந்தி ஒருவர் வாசலில் நின்றார். குழந்தை துலக்கமாக இருந்தது. அவருக்கு யாரோ கண்ணைக் கட்டிவிட்டது போல இருந்தது.

கரீம் பாட்சா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்ப ஓட்டை இல்ல,” என்றார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

படத்தில் இருந்தவர் கோமதிநாயகம். சண்முகவடிவின் கணவர். குழந்தை, ஃபர்ஸானா.

அவர் இறந்து இருபத்திரண்டு வருஷம். அவர் போன இரண்டாம் வருஷம் ஜூலையில் வெள்ளம் வந்தது. டிரங்குப் பெட்டி மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் தாள்தான் வந்தது. மிஞ்சியது ரேஷன் அட்டைப் படம். தபால்தலை அளவு. அதில் வாயின் மேல் ரப்பர் முத்திரை விழுந்திருந்தது. அதைத்தான் பெரிதாக்கி இத்தனை வருஷமாக மாட்டியிருந்தாள் சண்முகவடிவு.

ஞாயிற்றுக்கிழமை காலை சான்பாடாவில் அவளுடைய மகன் மாரிக்கண்ணன் புது வீட்டில் பால் காய்ச்சுகிறான். அம்மாவை அங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறான். அவள் ஒன்றுதான் சொல்லியிருந்தாள்.

“முத்திர குத்துன மனுசனப் புது வீட்டுக்குக் கொண்டுட்டு வர மாட்டேன். அவுக முகத்தோட வரணும். இல்லன்னா நான் இங்கனயே கெடக்கேன்.”

கரீம் பாட்சா வீட்டுப் பரணை, அந்த மாலாவை, ஒழித்தபோது, பழைய கேமரா உறைக்குள் நெகடிவ் கிடைத்தது. நான்கு படத் துண்டு. மூன்றில் பூஞ்சை. ஒன்று நன்றாக இருந்தது. கரீம் பாட்சா அதை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, செருப்புப் போடாமல் மூன்று சந்து தாண்டி ஓடிப்போய்ச் சண்முகவடிவிடம் சொன்னார்.

சொன்ன பிறகு, ஸ்கேன் செய்தபோதுதான் பட்டை வந்தது.

ஃபர்ஸானா பிலிமைத் துடைத்தாள். திருப்பிப் போட்டாள். கண் வந்தது, வாய் போனது. பக்கத்து வரிசையில் போட்டாள். பட்டை மெலிந்து இரண்டாயிற்று. ஒன்று நெற்றியில், ஒன்று மூக்கில். கண்ணாடியை ஒருநாளைக்கு மூன்று முறை துடைத்தாள்.

தாணேயில் மொபைல் கடையில் வேலை செய்கிற தம்பி சைஃப் போனில் சொன்னான். “க்யோன் டென்ஷன் லேதி ஹை? எதுக்குக் கவலை? எனக்கு அனுப்பு. ஆப்ல போட்டா கண்ணை அதுவே வரைஞ்சிரும்.” வரைந்து அனுப்பியும் விட்டான். அழகான கண். அதை நேற்று சண்முகவடிவிடம் காட்டினாள்.

கிழவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“நல்லா இருக்காரு. யாரு?”

“பெரியப்பாதான்.”

“ஏட்டி, அவுக கூட முப்பது வருசம் குடும்பம் நடத்துனது நான். இது யாரோ சினிமால நடிக்க வந்த ஆளு. புருவத்துல தழும்ப எங்க? ஈயம் காச்சும்போது தெறிச்சுச்சே, அந்தத் தழும்பு?” போனைத் திருப்பிக் கொடுத்தாள். “இவரக் கூட்டிட்டுப் போனா மாரிக்கண்ணன் என்னத் தப்பா நெனப்பான்.”

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. “கெடைக்கலன்னா விடு. நீ என்ன செய்வ,” என்றாள்.

இன்று வெள்ளி. இதற்கு மேல் தாமதித்தால் படத்துக்குச் சட்டம் போட நேரம் இருக்காது. ஃபர்ஸானா கிங்ஸ் சர்க்கிளில் மிஷின் பழுது பார்க்கும் கணேசபாண்டியனுக்குப் போன் போட்டாள்.

“பிலிமை நகத்துனா பட்டையும் சேந்து நகருதா?” என்று கேட்டார் அவர்.

“இல்ல அண்ணாச்சி. பிலிம்தான் நகருது. பட்டை நின்ன எடத்துலயே நிக்கி.”

“அப்ப பிலிம்ல ஒண்ணும் இல்ல. மிஷின்தான். ஸ்கேன் ஆரம்பிக்கதுக்கு முன்னாடி லைட்டு தலைப்புல கொஞ்சம் நிக்குமே, பாத்திருக்கியா?”

“நிக்கும். மூச்சு வாங்குத மாதிரி.”

“மூச்சு இல்லம்மா. அங்கன வெறும் கண்ணாடி வழியா வெளிச்சத்தப் பாக்கும். இதுதான் முழு வெளிச்சம்னு மனசுல வச்சுக்கிடும். அந்த எடத்துல ஒரு துளி அழுக்கு இருந்தாப் போதும். இங்க வெளிச்சம் கம்மியா இருக்குன்னு நெனச்சு, அந்த நேருக்குக் கடைசி வரைக்கும் வெளிச்சத்தக் கூட்டிக்கிட்டே போவும். அதான் உன் பட்டை. கண்ணாடி தலைப்புல எதாவது கெடக்கா, பாரு.”

ஃபர்ஸானா மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. தெனம் தொடைக்கேன்.”

“அப்ப தொறந்துதான் பாக்கணும். திங்கக்கிழமை கொண்டுட்டு வா.”

போனை வைத்தாள். மூடி திறந்தே இருந்தது. அவள் கண் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது.

மூன்று விரல். நடுவில் குங்குமம்.

ஒன்பது நாள் அதைச் சுற்றித் துடைத்திருக்கிறாள். துணியின் முனையை விரலில் சுற்றி, அது கலையாமல், ஓரம் ஓரமாக. அழுக்கு இருக்கிறதா என்று இப்போது ஒருவர் கேட்டதற்கு, அதைப் பார்த்துக்கொண்டே இல்லை என்றும் சொல்லியிருக்கிறாள்.

மாடியில் நெய்ச்சோறு வெந்துகொண்டிருந்தது. வாசனை ஏணி வழியாக இறங்கியது. “உம்மா,” என்று கூப்பிட்டாள். “செத்த கீழ வாங்க.”

நஜ்முன்னிசா கரண்டியோடு இறங்கி வந்தாள். ஃபர்ஸானா சொன்னதை முழுதும் கேட்டாள். கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள்.

“அக்கா எங்கிட்டச் சொல்லித்தான வச்சா,” என்றாள். “‘நஜ்மு, படம் விழுத எடத்துல வச்சா புள்ளைக்குத் தொந்தரவு. ஒதுக்குப்புறமா வைக்கேன்’னா. அவ்ளோ பாத்து வச்சா.”

“அதான் உம்மா. ஒதுக்குப்புறத்துலதான் அதுக்குக் கண்ணு இருக்கு.”

“அழிக்கப் போறியா?”

“அழிக்காம எப்படி?”

“கேக்காம அழிக்காத. அவ கையால வச்சது.”

“கேட்டா என்னன்னு சொல்லணும்? பெரியப்பா கண்ணை மறச்சது உங்க சந்தனம்னா? ஊர விட்டுப் போற நேரத்துல?”

நஜ்முன்னிசா வாப்பாவின் முக்காலியில் உட்கார்ந்தாள். கரண்டியிலிருந்து நெய் ஒரு சொட்டுத் தரையில் விழுந்தது. முந்தானையால் துடைத்தாள்.

“அந்தக் கையிலதான நீ வந்து விழுந்த,” என்றாள்.

ஃபர்ஸானாவுக்குத் தெரியும். பலமுறை கேட்டது. தொண்ணூற்று மூன்று ஜனவரிக் கலவரத்தில் பதினொரு நாள் வாப்பாவும் உம்மாவும் சண்முகவடிவின் மாலாவில் இருந்தார்கள். ஏணி வைத்து ஏறுகிற மரத்தட்டு. குனிந்துதான் உட்கார முடியும். ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள். வெளியில் வந்து கேட்டவர்களுக்குக் கோமதிநாயகம் ஒரே பதில்தான் சொன்னார். மேல டின்னு கெடக்கு. அவர் எண்ணெய் டின்களுக்கு நெளிவெடுத்து ஈயம் பூசுகிறவர். அதனால் நம்பினார்கள்.

ஏழாம் நாள் ஃபர்ஸானா பிறந்தாள். பிரசவம் பார்க்கச் சண்முகவடிவு மேலே ஏறினாள். குழந்தை அழுதது. கீழே கோமதிநாயகம் சுத்தியலை எடுத்தார். அது அழும்போதெல்லாம் டின்னைத் தட்டினார். நான்கு நாள். தட்டுவதற்கு நெளிந்த டின் இல்லாமல் போனபோது, நல்ல டின்னை நெளித்து மறுபடி நிமிர்த்தினார்.

நாற்பதாம் நாள் கரீம் பாட்சா கேமராவை வாங்கி வந்தார். படம் எடுத்தார். பிரிண்ட் போட்டு சண்முகவடிவிடம் கொடுத்தார். அதுதான் வெள்ளத்தில் போனது.

தொழுகை முடிந்து கரீம் பாட்சா வந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மழை போய் அக்டோபர் வெயில் வந்துவிட்டது. தன் முக்காலியில் கரண்டியோடு உட்கார்ந்திருந்த நஜ்முன்னிசாவைப் பார்த்தார்.

“என்ன?”

நஜ்முன்னிசா சொன்னாள். அவர் கண்ணாடியருகே வந்து நின்றார்.

“இந்த மிஷின்லெல்லாம் சந்தனம் எதுக்கு பாய்னு போன வருசம் பள்ளியில ஒருத்தர் கேட்டாரு,” என்றார். “சந்தனத்த ஏன் பாக்கிய, அது யாரு விரல்னு பாருங்கன்னேன். அதுக்கு மேல அவர் கேக்கல.”

“அதனாலதான் அழிக்கச் சங்கடமா இருக்கு,” என்றாள் ஃபர்ஸானா.

“எனக்கும் இருக்கு.” தொப்பியைக் கழற்றினார். “அதுக்காக? கோமதிநாயகம் அண்ணாச்சி கண்ணைத் தொறக்கணுமா, வேண்டாமா? தொறக்கணும்னா அழி. பிறவு நான் பேசிக்கிடுதேன்.”

“நீங்க என்னத்தப் பேசுவிய?” என்றாள் நஜ்முன்னிசா. “அவ முன்னாடி போய் நின்னா ஒங்களுக்கு வாய் வராது.”

“வராதுதான்.”

ஃபர்ஸானா பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். பிஸ்மி சொன்னாள். காய்ந்த சந்தனம் முதலில் வரவில்லை. இரண்டாம் பஞ்சுக்கு இளகியது. குங்குமம் சிவப்பாகக் கசிந்தது. அதைப் பரவ விடாமல் ஒற்றி எடுத்தாள். பிறகு உலர்ந்த துணி. பிறகு வாயால் ஊதினாள். பஞ்சைக் குப்பைக் கூடைக்குக் கொண்டுபோன கை நின்றது. ஒரு லென்ஸ் மூடியில் வைத்து, மேசை ஓரமாகத் தள்ளினாள்.

மறுபடி நெகடிவ். மறுபடி வாப்பாவின் தோல். மூடி. துப்பட்டா.

வெளிச்சம் தலைமாட்டில் நின்றது. நகர்ந்தது.

பெரிய அளவில் எடுக்க ஒன்பது நிமிடம் ஆகும். நஜ்முன்னிசா மேலே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கரீம் பாட்சா பசை டப்பாவின் மூடியைத் திறந்து, மூடி, திறந்தார். படம் கீற்றுக் கீற்றாக வந்தது. வாசல் நிலை. தோள். காது.

நிறத்தைத் திருப்பினாள்.

இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாக இருந்தது. அதன் கீழே கண். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. கையில் இருந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் நஜ்முன்னிசா.

கரீம் பாட்சா பின்பாதிக்குப் போய், தோல் கட்டு ஒன்றை எடுத்து, வேண்டாத இடத்தில் வைத்தார்.

“சாப்பாட்டப் போடு,” என்றார்.

ஃபர்ஸானா இரண்டு பிரிண்ட் போட்டாள். ஒன்று முழுப் படம். இன்னொன்றில் குழந்தை இல்லை. மார்புக்கு மேல் அவர் மட்டும். அது மாரிக்கண்ணன் காலையில் போனில் கேட்டது. “தப்பா எடுத்துக்காத, ஃபர்ஸானா. பூசையில வைக்கப் போறோம். மாலை போடணும். உயிரோட இருக்குறவங்க இருக்குற படத்துக்கு மாலை போடக் கூடாது. உனக்குத்தான் ஆகாது.” அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் தன்னை வெட்டி எடுத்தாள். கையில் ஏந்தியதுபோல மடங்கிய முழங்கையின் மேல்பாகம் மட்டும் சட்டத்துக்குள் நின்றுவிட்டது. எவ்வளவு பார்த்தும் அதை விலக்க முடியவில்லை. விலக்கினால் தோள் போயிற்று.

ஐந்தரைக்கு சண்முகவடிவு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. சாமான் எல்லாம் நேற்றே டெம்போவில் போய்விட்டது. எழுபத்து மூன்று வயது. சந்தில் நாலு வீட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்ததில் முகம் வீங்கியிருந்தது.

“சாயா போடட்டா அக்கா?” என்றாள் நஜ்முன்னிசா.

“நாலு சாயா ஆச்சு. இனிக் குடிச்சா பாதி வழியில ரயில விட்டு எறங்கணும்.” முக்காலியில் உட்கார்ந்தாள். “என்ன, எல்லாரும் பெட்டி மாதிரி நிக்கிய?”

ஃபர்ஸானா முழுப் படத்தைக் கையில் கொடுத்தாள்.

சண்முகவடிவு கண்ணாடியைத் தேடினாள். அது கழுத்தில்தான் தொங்கியது. மாட்டிக்கொண்டாள். படத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெளியே தண்ணீர் வண்டிக்காரன் வழிவிடச் சொல்லி மணி அடித்தான்.

தழும்பின் மேல் சுண்டுவிரலை வைத்தாள்.

“தெறிச்ச அன்னைக்கு எங்கிட்டச் சொல்லல,” என்றாள். “புருவத்துல மஞ்சளப் பூசிக்கிட்டு வந்து நிக்காவ. என்னன்னா, நாடகம்ங்காவ.”

நஜ்முன்னிசா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

“எங்க பாக்காவ பாரு,” என்றாள் சண்முகவடிவு. “படம் எடுக்கவனப் பாருங்கன்னு கத்துதேன். புள்ளையவே பாக்காவ.”

“நான்தான் கத்துனேன் அக்கா,” என்றார் கரீம் பாட்சா.

“நீயும் கத்துன. நானும் கத்துனேன்.”

ஃபர்ஸானா இரண்டாவது படத்தைக் கொடுத்தாள். மாரிக்கண்ணன் அண்ணன் சொன்னதையும் சொன்னாள். சண்முகவடிவு அதையும் வாங்கிப் பார்த்தாள். இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல எதுக்குக் கைய மடக்கி வச்சிருக்காவ?”

நஜ்முன்னிசா மகளைப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்லாததுக்கு மனுசன் கைய மடக்கிக்கிட்டு நிப்பாவளா? பாக்கவன் கேப்பான்லா. குனிஞ்சு வேற பாக்காவ. துட்டத் தொலச்சவன் மாதிரி.” இரண்டாவது படத்தை மேசை மேல் குப்புற வைத்தாள். “இது வேண்டாம்.”

“மாலை போடணும்லா பெரியம்மா.”

“போட வேண்டாம். பூவக் கீழ வைக்கேன். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருக்கட்டும்.”

“அண்ணன் ஏதாவது சொல்லுவாவ.”

“அவன் வீடு, அவன் செவுரு. அவுக எம் புருசன். ஆணி ஒண்ணுதான் அவன்ட்டக் கேப்பேன்.”

கரீம் பாட்சா சட்டத்தை எடுத்து வந்தார். மரச்சட்டம் இல்லை. கறுப்புத் தோல் சுற்றித் தைத்தது. ஓரம் சீவியது. மதியம் சாப்பிட்டு எழுந்ததிலிருந்து அதைத்தான் தைத்திருந்தார். படத்தை உள்ளே வைத்து, பின்னட்டையை அடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நஜ்முன்னிசா சொன்னது போலவே ஒன்றும் வரவில்லை.

“சரிப்பா,” என்றாள் சண்முகவடிவு. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “சரி.”

எழுந்தாள். ஃபர்ஸானாவின் கன்னத்தைப் பிடித்தாள்.

“இத்தனை நாளா வராத கண்ணு இன்னைக்கு எப்படி வந்துச்சு? மிசின்ல என்ன கோளாறு?”

“தூசி பெரியம்மா. உள்ள போயிருந்துச்சு.”

“தூசியா?”

“ஆமா. தூசிதான்.”

சண்முகவடிவு தலையாட்டினாள். தையல் மிஷின்களைப் பார்த்தாள். சந்தனம் இருந்தது. ஸ்கேனரைப் பார்த்தாள். மூடி திறந்து கிடந்தது. கண்ணாடி தலைமாடு வரைக்கும் பளிச்சென்று இருந்தது. மேசை ஓரத்து லென்ஸ் மூடியிலிருந்து மஞ்சள் பஞ்சை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். திருப்பி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

ஃபர்ஸானா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சண்முகவடிவு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். வாசற்படியில் ஒரு கால் வைத்துவிட்டு, திரும்பி வந்தாள். குனிந்து ஸ்கேனரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

“அடுத்த வருசமும் நான்தான் வந்து வைப்பேன், சான்பாடால இருந்தாலும். எந்த எடத்துல வச்சா இதுக்குக் கண்ணு மறைக்காதுன்னு இப்பமே காட்டிரு, புள்ள.”